கொழுந்துத் தராசும் இரத்தப் பரிசோதனையும்

(கண்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெண்களின் உடல்நலமும் பால்நிலைச் சமத்துவமும் என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அதை முழுவதும் பேசப் புகுந்தால் எதையும் பேசாமலே இறங்க வேண்டி வரும். ஆகவே ஒரே ஒரு நோயை, இரத்தச்சோகையை, எடுத்துக்கொள்கிறேன். இடமும் ஒன்றுதான்: இந்த நகரைச் சுற்றியிருக்கும் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைகளும் அங்குள்ள தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும். ஆய்வும் பெரும்பாலும் ஒன்றுதான். அது இந்த ஊர் மருத்துவர் ஒருவர் பங்கெடுத்த ஆய்வு. உலக மருத்துவ நூல்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நம்மில் பலருக்கு அதைப் பற்றித் தெரியாது.

1979ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ இதழில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் ஐவர். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து எட்கர்டன், கார்ட்னர், ஜப்பானியரான ஒஹிரா, இலங்கையரான குணவர்தன, செனவிரத்ன. கடைசிப் பெயருக்குரிய பிரயன் செனவிரத்ன பேராதனை மருத்துவ பீடத்தில் கற்பித்தவர். கண்டியில் நோயாளிகளைப் பார்த்தவர். பின்னர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். சிங்களவராகப் பிறந்து தமிழர் உரிமைக்காக, குறிப்பாகக் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருக்காக, ஆயுள் முழுக்க எழுதியும் பேசியும் வந்தவர் என்றே பலர் அவரை அறிவார்கள். அரசியலில் அவரோடு உடன்படுவதும் படாததும் வேறு விஷயம். இன்றைக்கு நான் அவருடைய மருத்துவத்தை மட்டும் பேசுகிறேன்.

ஆய்வு நடந்த முறை எளியது. தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தொழிலாளரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து, இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத போலி மருந்து. சிகிச்சைக்கு முன் ஒருவர் நாளொன்றுக்கு எவ்வளவு கொழுந்து பறித்தார், சிகிச்சைக்குப் பின் எவ்வளவு பறித்தார் என்று நிறுத்துப் பார்த்தார்கள். இரும்புச்சத்து பெற்றவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரைக்கும் இறங்கிப் போயிருந்தவர்களிடம் முன்னேற்றம் மிக அதிகம். இன்னுமொன்றும் செய்தார்கள்: வேலை நேரத்தில் மட்டுமல்லாமல், தொடர்ந்து 24 மணி நேரமும் அவர்களுடைய உடல் அசைவைப் பதிவு செய்தார்கள். மூன்று வாரச் சிகிச்சைக்குப் பிறகு, வீட்டிலும் வெளியிலும் அவர்கள் முன்னைவிட அதிகம் நடமாடினார்கள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 6 கிராமோடு ஒருத்தி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தாள் என்றால் அது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த அளவில் நகரத்துப் பெண்ணொருத்தி வந்தால், இரத்தம் ஏற்றலாமா என்று வைத்தியர்கள் வார்டில் கூடிப் பேசுவார்கள். இவள் பறித்தாள். காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என்று மூன்று முறை தராசுக்குப் போய் வந்தாள். கிறுகிறுப்பு, நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குது என்று அவள் சொல்லியும் இருப்பாள். அதற்குக் கிடைத்த மறுமொழி பெரும்பாலும் ‘சோம்பல்’ என்பதாக இருந்தது. அந்தப் பழியைக் கழுவியது இந்தக் கட்டுரை. இரத்தச்சோகை உள்ளவர்கள் சொல்லும் அசதி மனக்கற்பனையல்ல, அளந்து காட்டக்கூடிய உண்மை என்று அது நிறுவியது. இதற்காகவே அந்த ஐவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் அந்தக் கட்டுரையின் முடிவுரையில் ஒரு விஷயம் எப்போதும் என்னை நிறுத்தி வைக்கும். இரும்புச்சத்துச் சிகிச்சையால் கிடைக்கும் பொருளாதாரப் பயன் தெளிவானது, வளர்முக நாடுகளுக்கு அது முக்கியம் என்ற கருத்து அங்கே வருகிறது. அது பொய்யல்ல. ஆனால் அந்தப் பயன் யாருக்கு? 1979இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வகுத்த ஏற்றத்தாழ்வு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தொடர்ந்தது. 1984இல் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்த பின்பே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது. ஆக, அந்த ஆய்வில் இரும்புச்சத்து பெற்று அதிகம் பறித்த பெண், அதிகம் பறித்த அந்த நாளிலும் ஆணைவிடக் குறைந்த நாட்கூலிக்குத்தான் பறித்தாள்.

செனவிரத்னவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருடைய நிலையில் நின்று பார்த்தால் நியாயம் தெரியும். தோட்டத்துத் துரையிடம் போய், ‘இந்தப் பெண்கள் கஷ்டப்படுகிறார்கள், மருந்து கொடுங்கள்’ என்றால் கோப்பு மூடப்படும். ‘மருந்து கொடுத்தால் கொழுந்து கூடும்’ என்றால் கோப்பு திறக்கும். இரக்கமுள்ள மருத்துவர்கள் கணக்கப்பிள்ளையின் பாஷையில் பேச வேண்டியிருந்த காலம் அது. முழுக்கக் கடந்துபோன காலம் என்றும் சொல்ல மாட்டேன்.

இந்தப் பாஷைக்கு வயது அதிகம். 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பை ஆரம்பித்தது, இங்கிருந்து அதிக தூரமில்லாத மாத்தளைத் தோட்டங்களில். கொக்கிப்புழு குடலில் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிப்பது. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து ஏறுவது. மருந்து கொடுத்தால் புழு விழும். கழிப்பறை இல்லையென்றால் மறுபடியும் ஏறும். இது அன்றே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மருந்துக்குத் தோட்ட உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். கழிப்பறை கட்டுவதென்றபோது செலவைச் சொல்லி இழுத்தடித்தார்கள். தொழிலாளியின் உடம்பைச் சீராக்குவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அவனும் அவளும் வாழும் இடத்தைச் சீராக்குவதில்தான் கை தயங்கியது.

இன்றைக்கும் கொழுந்து மலையில் பெண்களுக்குக் கழிப்பறை என்பது அநேக இடங்களில் தேயிலைச் செடி மறைவுதான். அதனால் அவர்கள் செய்வது என்ன? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காலையில் ஒரு தேத்தண்ணி, பிறகு பகல்வரை ஒன்றுமில்லை. சிறுநீர்த் தொற்றோடு கிளினிக்கிற்கு வருபவளிடம் ‘நிறையத் தண்ணி குடியுங்க’ என்று நாம் புத்தி சொல்லி அனுப்புகிறோம்.

புத்தி என்றதும் இரும்பு மாத்திரை ஞாபகம் வருகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை அது. சாப்பாட்டோடும் தேத்தண்ணியோடும் எடுக்கக்கூடாது, தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்குள் விடாது என்று மருத்துவமாது ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறார். மருத்துவரீதியாக நூற்றுக்கு நூறு சரி. இனி லயத்துக்கு வாருங்கள். விடியுமுன் எழும்பி விறகடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, கைப்பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டியவள் அவள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டும். சாப்பிட்டுப் போட்டால் சாப்பாட்டோடு தேத்தண்ணி. மத்தியானம் போடலாமென்றால் மலையில் தண்ணீர் இல்லை. இரவு போடலாம்; இரவில் அவள் கடைசியாகச் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடிக்கையில் மாத்திரை ஞாபகத்துக்கு வந்தால் பெரிய காரியம். மலம் கறுத்துப் போகிறது, மலச்சிக்கல் வருகிறது என்பதெல்லாம் வேறு. லயத்துச் சுவர் மாடத்தில் பாதி தீராத மாத்திரை உறைகளைப் பார்த்த இளம் மருத்துவர்கள் ‘இவர்களுக்கு அறிவு போதாது’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று மணி பார்த்து எழுதியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள்.

தோட்டத்துக் கர்ப்பிணிகளைப் பற்றி இன்னொரு நல்ல ஆய்வு 1994இல் வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அத்துக்கோரளவும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்தது. இரும்பு–போலேற் மாத்திரையோடு புழுமருந்தும் சேர்த்துக் கொடுத்தால் இரத்தம் ஏறுவது கூடுதல் என்று அது காட்டியது. அப்படியானால் கர்ப்பத்தில் புழுமருந்து கொடுக்கலாமா, பிள்ளைக்கு ஆபத்தில்லையா என்ற பயம் உலகம் முழுக்க இருந்தது. அதற்குப் பதில் சொன்னதும் ஓர் இலங்கைப் பெண் ஆய்வாளர்தான்: ஒட்டுண்ணியியலாளர் நிலாந்தி டி சில்வா. அவரும் குழுவினரும் 1999இல் ‘லான்செற்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், மெபெண்டசோல் என்ற புழுமருந்தை எடுத்த 5,275 தாய்மாரையும் எடுக்காத 1,737 தாய்மாரையும் ஒப்பிட்டார்கள். பெரிய பிறவிக் குறைபாடுகள் முதல் கூட்டத்தில் 1.8 வீதம், இரண்டாவதில் 1.5 வீதம், சொல்லத்தக்க வித்தியாசமில்லை. செத்துப் பிறந்த பிள்ளைகளும் பிறந்த சில நாளில் இறந்த பிள்ளைகளும் சேர்த்துப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களிடம் 1.9 வீதம், எடுக்காதவர்களிடம் 3.3 வீதம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கழிந்த பின் புழுமருந்து கொடுக்கலாம் என்று மற்ற நாடுகளும் துணிவதற்கு இது முக்கியமான சான்றாயிற்று. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சியில் பெருமையோடு சொல்லத்தக்க சில பக்கங்களில் இது ஒன்று.

இந்த மூன்று ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். 1979இல் பெண்ணின் இரத்தம் கொழுந்துக்காக அளக்கப்பட்டது. 1994இல் தாய்மைக்காக அளக்கப்பட்டது; 1999இல் பார்க்கப்பட்டது வயிற்றுப் பிள்ளையின் நலம். 2003இல் ‘சிலோன் மெடிக்கல் ஜேர்னல்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு கொழுந்து பறிப்போரின் ஊட்டச்சத்தையும் உற்பத்தித்திறனையும் சேர்த்துப் பார்த்தது, மறுபடியும் தராசு. பிள்ளை பெறாதவள், பெற்று முடித்தவள், ஓய்வூதிய வயதை நெருங்குபவள், மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போய் நாலு நாளைக்கு ஒடிந்து கிடப்பவள், இவர்களுடைய இரத்தம் இவர்களுக்காகவே எந்த அளவுக்குப் பார்க்கப்பட்டது? மலையகப் பெண்ணின் உடல்நலம் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒரு கேள்விதான். மிச்சமெல்லாம் இதன் கிளைகள்.

ஒரு கிளை, குடும்பக் கட்டுப்பாடு. அதை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத் தனிச் சொற்பொழிவே வேண்டும். 1958இல் சுவீடனும் இலங்கையும் சேர்ந்து குடும்பக் கட்டுப்பாட்டு முன்னோடித் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில் ஒன்று டயகம தோட்டம். 1980இல் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவருக்கு அரசு கொடுத்த தொகை 500 ரூபாவாக உயர்ந்தது. தோட்டத்துப் பெண்ணொருத்தி ஒரு மாதம் மலையேறிச் சம்பாதிப்பதை விட அது கூடுதல். விரும்பிச் செய்துகொண்டவர்கள் பலர், அதை மறைக்க வேண்டியதில்லை. அடுக்கடுக்காகப் பிள்ளை பெற்றுச் சலித்த பெண்ணுக்கு அது விடுதலையாகவும் இருந்திருக்கும். ஆனாலும் அந்தப் பெரிய தொகைக்கு முன்னால் எது விருப்பம், எது நிர்ப்பந்தம் என்று பிரித்துச் சொல்வது லேசல்ல. ஆண்களுக்கான சத்திரசிகிச்சை அதைவிட எளிதாயிருந்தும், காலப்போக்கில் கத்தி பெரும்பாலும் பெண்ணின் வயிற்றையே தேடிப் போனது.

இலங்கையின் சராசரிகள் அழகானவை. 1946இல் இந்நாட்டில் ஓர் ஆணின் சராசரி ஆயுள் 43.9 வருடம், பெண்ணின் ஆயுள் 41.6. பெண் முந்திச் செத்தாள். 1980களின் தொடக்கத்தில் பெண்ணின் ஆயுள் ஆணைவிட ஏறத்தாழ நான்கு வருடம் நீண்டுவிட்டது. இந்தத் திருப்பம் எப்படி நடந்தது என்று நுணுகி ஆராய்ந்தவர்களில் ஒருவர் குடித்தொகை ஆய்வாளர் நடராஜா. 1983இல் அவருடைய கட்டுரை வந்தது. முன்பு பெண்கள் முந்திச் சாகப் பிரசவம் மட்டும் காரணமாக இருக்கவில்லை. சின்னப் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளை விட அதிகமாகச் செத்தார்கள். 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். இன்று 30 என்ற எண்ணைச் சுற்றி நிற்கிறது. 1985இல் குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் பெற்ற இடங்கள் என்று உலகம் கொண்டாடிய நான்கில், சீனா, கொஸ்தாரிக்கா, கேரளத்தோடு இலங்கையும் ஒன்று. எல்லாம் சரி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது தாயின் இரத்தம், தாயின் தட்டு, தாயின் நேரம்.

ஏன் இந்தப் பிளவு என்பதற்குச் சரித்திரத்தில் விடை உண்டு. மேரி இரட்ணம் என்ற மருத்துவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கனடாவில் பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழரை மணந்தவர். பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1927இல் பெண்களின் வாக்குரிமைச் சங்கத்தில் நின்றார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். 1958இல் மகசேசே விருது பெற்றார். பெண்ணின் உடல்நலமும் வாக்குரிமையும் ஒரே காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின், கிராமத்துத் தாய்க்குக் கிளினிக்கும் மருத்துவமாதும் வேகமாகக் கிடைத்தன. வாக்குக் கேட்டு வருபவரிடம் அவள் ஆஸ்பத்திரி கேட்டாள். தோட்டத்துத் தாய்க்கு 1948இல் குடியுரிமை போயிற்று, அதைத் தொடர்ந்து வாக்கும் போயிற்று. அவளுடைய மருந்தும் பிரசவமும் பல்லாண்டு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டன. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் சாவு மற்ற இடங்களைவிட மிக உயர்ந்தது. அந்தக் காலத்தில்தான் கண்டி ஆஸ்பத்திரி வார்டுகளில் செனவிரத்ன போன்றவர்கள் இரத்தமற்ற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று குடியுரிமை இருக்கிறது, வாக்கு இருக்கிறது, அரசாங்க மருத்துவமாது தோட்டத்துக்குள் வருகிறார். அப்புறம் என்ன தடை? பேர். ஒரு நாள் வேலைக்கான சம்பளத்தை மலைநாட்டில் அப்படித்தான் சொல்வோம். கிளினிக் நாளில் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. காலையில் கிளினிக்கில் காத்திருந்துவிட்டு பகலுக்குப் பின் மலைக்குப் போனால், கிலோ நிறையாமல் அரைப் பேர். 2016இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30, வருகைக்கென்று 60, ஆக 730 ரூபா. அந்த 60 ரூபா, வேலை கொடுத்த நாள்களில் 75 வீதம் வந்தவருக்கு மட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி, ஒரே தொகை. காகிதத்தில் பூரண சமத்துவம். ஆனால் மாதத்தில் கிளினிக்கிற்கு அலைவது யார்? தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது யார்? மாமியாருக்குச் சீனி மருந்து வாங்கக் கண்டிக்கு பஸ் ஏறுவது யார்? 2019இல் அந்த வருகைக் கொடுப்பனவை எடுத்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதன் பின்னாலிருந்த எண்ணம், வராதவள் நட்டப்படட்டும் என்பது, சம்பளப் பேச்சுவார்த்தைகளில் வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

35 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையை வெல் வுமன் கிளினிக்கில் இலவசமாகச் செய்கிறார்கள். நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. சுகமாக இருப்பவள் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, உடம்பைக் காட்டும் கூச்சத்தையும் தாண்டி, பெரும்பாலும் தனக்குச் சரளமில்லாத சிங்களத்தில் பேசப்படும் ஓர் அறைக்குள் போக வேண்டும். யார் போவாள்? போகாதவளை ‘விழிப்புணர்வு இல்லாதவள்’ என்று அறிக்கை எழுதுகிறோம். பாடசாலைக்கே போய் 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு அதே புற்றுநோய்க்கான தடுப்பூசி போடுகிறார்கள். அங்கே தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சேவை அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறது, யாருக்கும் பேர் போவதில்லை.

மருத்துவ பீட மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அதை என் ஆசையாக எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர்டன், செனவிரத்ன குழுவினர் 24 மணி நேர அசைவைப் பதிவு செய்தார்கள் என்றேன் அல்லவா? அந்தக் கட்டுரையில் எல்லாரும் கொழுந்துக் கணக்கைத்தான் எடுத்துப் பேசினார்கள். நான் அறிந்தவரை அசைவுக் கணக்கை யாரும் பெரிதாகத் தொடரவில்லை. என் மதிப்பீட்டில் தங்கம் அங்கேதான் இருக்கிறது. இரத்தம் ஏறிய பெண் அந்த மேலதிக உயிர்ப்பை வைத்து என்ன செய்தாள்? அந்திக்குப் பிறகு இன்னொரு கட்டு விறகு சுமந்தாளா, பிள்ளையோடு உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தாளா, பக்கத்து லயத்துக்குப் போய் நாலு கதை பேசிச் சிரித்தாளா? இதை விசாரிக்க வெளிநாட்டு நிதி வேண்டாம். பேராதனையிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதை தூரமில்லை. தமிழ் தெரிந்த ஒருவரையும், முடிந்தால் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து பல்கலைக்கழகம் வந்த ஒரு பெண்ணையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினை எடுங்கள், மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று கேளுங்கள். வீட்டில் யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள். கிளினிக்கிற்கு வந்த நாளில் பேர் போயிற்றா என்று ஒரு கட்டம் படிவத்தில் போடுங்கள்.

அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு வந்தால், சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் தொழிற்சங்கத்துக்காரர்களிடம் காட்ட ஓர் எண் கிடைக்கும். கிளினிக் நாளை முழுப் பேராகக் கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கையை அவர்கள் அந்த எண்ணோடு வைக்கட்டும். இங்கே தொழிற்சங்கங்களிலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். கேள்வி நேரத்தில் உங்கள் பக்கத்தைக் கேட்க நான் காத்திருக்கிறேன்.